தண்ணீர் கேட்கத் தயங்குகிறாரா உங்கள் அம்மா?

வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்களும், வைக்கப் போகிறவர்களும் கவனிக்க...

''வந்த அன்னிக்கே 'அம்மா... அம்மா'னு அப்படி உருகினாங்க சார். காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. 'இனிமே உங்க அம்மாவைப் பத்திக் கவலையை விடுங்க'னு சொன்னதும், எங்களுக்குப் பாதிப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது!''

சென்னை மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் அந்த வங்கி அதிகாரி இப்படித்தான் ஆரம்பித்தார். அவருடைய அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மனைவி பள்ளி ஆசிரியை. காலை எட்டரைக்கு இருவரும் கிளம்பினால், வீடு திரும்ப சாயங்காலம் ஆறு மணி. ஏஜென்சி மூலமாக ஒரு பெண்மணியை வரவழைத்தார்கள். சுத்தமான புடவை, பணிவான பேச்சு, வாயைத் திறந்தால் 'அம்மா'தான்!

மூன்று வாரம் போனது. ஒருநாள் இரவு அம்மா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். மகனைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ''அம்மாவுக்கு மறதி நோய் வந்துடுச்சு'' என்று வீடே கலங்கிப்போனது. டாக்டர் ரத்தம், சிறுநீர் பரிசோதனைகள் செய்து பார்த்தார். மறதி நோய் இல்லை. சிறுநீரில் கிருமித் தொற்று. உடம்பில் நீர்ச்சத்தும் குறைந்திருந்தது. வயதானவர்களுக்கு இந்த இரண்டுமே திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும்.

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ''அம்மா ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கறாங்க?''

யாருக்கும் பதில் தெரியவில்லை.

உடம்பு தேறியபிறகு அம்மாவே சொன்னாராம். ''தண்ணி கேட்டா, 'அப்புறம் பாத்ரூம் போகணும்பீங்களே அம்மா'னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. நாலஞ்சு தடவை ஆச்சு. அப்புறம் நானும் கேக்கறதை விட்டுட்டேன்...''

அந்தப் பெண்மணி அடிக்கவில்லை, திட்டவில்லை, திருடவில்லை. சிரித்த முகத்தோடுதான் இருந்தார். ஆனாலும் ஒரு வயதான அம்மாள், சொந்த வீட்டில், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தயங்கும் நிலைக்கு வந்துவிட்டார்!

நல்ல பராமரிப்பாளர் யார் என்ற கேள்விக்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது. எவரிடம் உங்கள் வீட்டுப் பெரியவர் கூச்சமில்லாமல், பயமில்லாமல், எத்தனை தடவை வேண்டுமானாலும் 'இது வேணும்' என்று கேட்க முடிகிறதோ, அவர்தான் பரிவுள்ளவர். மற்றதெல்லாம் அப்புறம்!

யாரை வைக்கிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே, நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் பத்துக் கோடிக்கும் மேல். தமிழ்நாட்டில் அன்றைக்கே பத்தில் ஒருவர் முதியவர். பிள்ளைகள் ஒருவர் பெங்களூரில், ஒருவர் அமெரிக்காவில் என்று இருக்கும் வீடுகளில், ஆள் வைப்பது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

ஆனால், 'ஹோம் நர்ஸ்' என்ற பெயரில் வருபவர்கள் எல்லோரும் நர்ஸ் இல்லை. நர்ஸ் படிப்பு முடித்தவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது, நடக்கத் துணை இருப்பது போன்றவற்றைச் செய்பவர் உதவியாளர்தான். ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது போன்ற வேலைகளை அவரிடம் ஒப்படைக்கக் கூடாது. அடையாள அட்டை, முகவரி, முன்பு வேலை பார்த்த வீட்டாரின் போன் நம்பர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டாரிடம் ஒருமுறை பேசியும் விடுங்கள்.

இதெல்லாம் ஆளைப் பற்றிச் சொல்லும். மனசைப் பற்றிச் சொல்லாது. மனசை எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் அரை மணி நேரம்

பராமரிப்பாளரை ஹாலில் உட்காரவைத்து நீங்கள் மட்டும் பேசி அனுப்பாதீர்கள். பெரியவர் இருக்கும் அறையிலேயே பேசுங்கள். வந்தவருடைய கண் யார் மேல் இருக்கிறது என்று பாருங்கள். சம்பளம் தரப்போகும் உங்களை மட்டுமே பார்த்துப் பேசுகிறாரா? அல்லது கட்டிலுக்குப் பக்கத்தில் போய், குனிந்தோ உட்கார்ந்தோ, பெரியவரின் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை பேசுகிறாரா?

'காபியில சர்க்கரை எவ்வளவு?', 'எந்தக் காது நல்லா கேக்கும்?', 'ராத்திரி லைட் எரியணுமா, அணைக்கணுமா?' என்றெல்லாம் அவராகவே கேட்டால், பாதிப் பரீட்சை பாஸ்!

நீங்கள் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதல் கேள்வி: ''சாப்பிட மாட்டேன்னு அடம்பிடிச்சா என்ன செய்வீங்க?'' 'அதெல்லாம் நான் ஊட்டிடுவேன் சார், என்கிட்ட நடக்காது' என்று பெருமையாகச் சொல்பவரைவிட, 'ஏன் வேணாங்கறாங்கன்னு பாப்பேன். வாயில புண்ணு இருக்கலாம், வயிறு உப்பியிருக்கலாம். கொஞ்ச நேரம் கழிச்சுக் குடுத்துப் பாப்பேன்' என்பவர் உங்களுக்கு வேண்டியவர்.

இரண்டாவது: ''இதுக்கு முன்னாடி பார்த்துக்கிட்ட பெரியவரைப் பத்திச் சொல்லுங்களேன்.'' 'அவரு ரேடியோ பிரியருங்க, நியூஸ் முடிஞ்சாத்தான் சாப்பிடுவாரு' என்று ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறாரா? அல்லது 'ரொம்ப வெயிட்டு, ரொம்பத் தொல்லை' என்று ஒரு சுமையைப் பற்றிச் சொல்கிறாரா? இன்னொன்று. அந்த வீட்டு மருமகள் சண்டை, சொத்துத் தகராறு எல்லாவற்றையும் சுவாரஸ்யமாக எடுத்துவிட்டால் உஷாராகிவிடுங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக் கதையும் ஊர்சுற்றும்!

தொடுவதற்கு முன் ஒரு வார்த்தை

'அம்மா, இப்ப வலது பக்கம் திருப்பப் போறேன்...', 'தண்ணி சூடு சரியா இருக்கா பாருங்க...' இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடுகிறாரா என்று கவனியுங்கள். படுக்கையில் கிடப்பவருக்கும் வெட்கம் உண்டு. உடை மாற்றும்போது கதவைச் சாத்துவது, குளிப்பாட்டும்போது ஒரு பகுதியைத் துடைக்கையில் மறுபகுதியைத் துண்டால் மூடி வைப்பது, டயபர் மாற்றும்போது மூக்கைப் பொத்தாமல் இருப்பது... இதையெல்லாம் ஏஜென்சியில் கற்றுத் தரலாம். ஆனால் யாரும் பார்க்காத நேரத்திலும் அதைச் செய்ய மனசு வேண்டும்.

கரண்டியின் வேகம்

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கூடவே இருந்து பாருங்கள். பெரியவரை நிமிர்த்தி உட்காரவைத்திருக்கிறாரா? சிறிய கரண்டியில் கொஞ்சமாக ஊட்டி, விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்கிறாரா? பக்கவாதம் வந்தவர்களுக்கும், மறதி நோய் முற்றியவர்களுக்கும் விழுங்குவது சிரமம். அவசரமாக ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறி, நிமோனியா வரைக்கும் கொண்டுபோய்விடும். சாப்பிட்டதும் படுக்கவைக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்கச் செய்ய வேண்டும். பத்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு போனை எடுப்பவருக்கு வேலை தெரிந்திருக்கலாம். பொறுமை இல்லை!

'மாட்டேன்' என்றால்...

பரிவுக்கு உண்மையான சோதனை, பெரியவர் மறுக்கும்போதுதான். மறதி நோய் உள்ளவர் 'குளிக்க மாட்டேன்' என்று கத்துவார். இல்லாத கணவரைத் தேடுவார். 'என் வளையலை நீதான் எடுத்தே' என்று பழி போடுவார். அவரோடு வாதாடுகிறவர், அதட்டுகிறவர், 'போலீஸைக் கூப்பிடுவேன்' என்று பயமுறுத்துகிறவர் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார். பேச்சை மாற்றி, ஒரு வாய் காபி கொடுத்து, அரை மணி கழித்து மறுபடி முயற்சி செய்பவர்தான் சரி.

இங்கிலாந்து உளவியலாளர் டாம் கிட்வுட், 1997-ல் வெளியான தன் நூலில் மறதி நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். நோயைப் பார்க்காமல் மனிதரைப் பாருங்கள் என்பதுதான் அவர் வலியுறுத்தியது. ஏமாற்றுவது, அவசரப்படுத்துவது, குழந்தை போல நடத்துவது, எதிரிலேயே இல்லாத மாதிரி பேசுவது... இவையெல்லாம் அவர்களை மேலும் குலைத்துவிடும் என்றார். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் என்று அவர் சொல்லவில்லை. நல்லவர்களே, தங்களை அறியாமல் செய்துவிடுகிறார்கள் என்றார்!

ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானமே வேண்டாம். 'விழுந்துடுவாங்க' என்று சொல்லி கையைக் காலைக் கட்டிலோடு கட்டிவைப்பதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள்.

உடம்பு பொய் சொல்லாது

வாரம் ஒருமுறையாவது நீங்களே அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உடை மாற்றிவிடுங்கள். அப்போது இவற்றைக் கவனியுங்கள்:

* உதடும் நாக்கும் வறண்டிருக்கிறதா? சிறுநீர் அடர்ந்த மஞ்சளாக, நாற்றத்தோடு போகிறதா? தண்ணீர் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.)
* வால் எலும்பு, இடுப்பு, குதிகாலில் சிவந்தோ கறுத்தோ இருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தும் அந்த நிறம் மாறவில்லையா? படுக்கைப் புண் ஆரம்பிக்கிறது. தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது.
* மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருக்கிறதா? 'எங்கேயோ இடிச்சுக்கிட்டாங்க' என்ற பதில் அடிக்கடி வருகிறதா?
* பகல் முழுக்க அசந்து தூங்குகிறாரா? தூக்க மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.
* பராமரிப்பாளர் அறைக்குள் நுழைந்ததும் பெரியவர் பேச்சை நிறுத்திவிடுகிறாரா? இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான அறிகுறி!

இவற்றில் ஒன்றைப் பார்த்தவுடனே ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். வயதானால் லேசாக இடித்தாலே தோல் கன்றும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு விசாரியுங்கள். ஆனால் அலட்சியம் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சமூகத்தில் வாழும் 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர், ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் கொடுமைக்கு ஆளாகிறார். அடிப்பது மட்டுமல்ல, திட்டுவது, பணத்தைப் பிடுங்குவது, கவனிக்காமல் விடுவது எல்லாமே இதில் சேர்த்தி. செய்பவர் வெளியாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உதவி தேவைப்பட்டால் முதியோருக்கான கட்டணமில்லா உதவி எண் 14567.

சத்தம் போடும் அம்மா!

மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வருவோம். இரண்டாவதாக வந்தவர் விழுப்புரம் பக்கத்துப் பெண்மணி. குரலோ வெண்கலம்! வந்ததும் பெரியம்மாவை ''ஆயா'' என்று கூப்பிட்டார். மருமகளுக்குச் சுருக்கென்றது. ''எங்க ஊருல பாட்டிய ஆயான்னுதாங்க கூப்புடுவோம்'' என்றாராம் சாதாரணமாக.

இரண்டாம் நாளே சண்டை. ''ஆயா கண்ணாடிய எங்க வெச்சீங்க?'' என்று கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையிலேயே கிடந்தது! அத்தனை வாரமாக அம்மாவுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. ''கட்டில் பக்கத்துல கமோடு சேர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. பாத்ரூம் வரைக்கும் ஒருத்தியா தூக்கிட்டுப் போனா எனக்கும் இடுப்பு போயிடும், ஆயாவும் விழுந்துடும்'' என்று அடுத்த உத்தரவு. தினமும் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்து, மாலையில் ''பாருங்க, எவ்ளோ குடிச்சிருக்குது'' என்று மகனிடம் காட்டுவாராம்.

''அப்பத்தான் சார் எங்களுக்கு உறைச்சுது'' என்கிறார் மகன். ''முதல்ல வந்தவங்க ஏன் தண்ணி குடுக்கத் தயங்கினாங்க? கனமான உடம்பை ஒத்தை ஆளா தினம் அஞ்சாறு தடவை பாத்ரூமுக்குத் தாங்கிட்டுப் போகணும். அந்தக் கமோடு சேரை நாங்க முதல் நாளே வாங்கியிருக்கணும். கேக்க அவங்களுக்கும் தயக்கம்... கவனிக்க எங்களுக்கும் நேரமில்லை.''

நல்ல பராமரிப்பாளர் உங்களிடம் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். 'இன்னிக்கு பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க', 'மதிய மாத்திரையை மறந்துட்டேன்' என்பதையும் சொல்வார். அப்படிச் சொல்லும்போது எரிந்து விழாதீர்கள். விழுந்தால், அடுத்த முறை மறைக்கத்தான் தோன்றும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. பெரியவரால் முடிந்ததை அவரையே செய்ய விடுவார். சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிஷம் ஆனாலும் காத்திருப்பார். எல்லாவற்றையும் தானே செய்து முடிப்பது பார்க்க அன்பு மாதிரி தோன்றும். ஆனால் இருக்கிற கொஞ்சநஞ்ச பலமும் அதில் போய்விடும்.

பரிவு வற்றாமல் இருக்க...

எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும், ராத்திரித் தூக்கம் இல்லாமல், வார விடுமுறை இல்லாமல், மீந்துபோனதைச் சாப்பிட்டுக்கொண்டு யாராலும் அன்பாக இருக்க முடியாது. 24 மணி நேர டியூட்டி என்றால் தொடர்ச்சியான தூக்கத்துக்கு வழி செய்யுங்கள். இரவில் அடிக்கடி எழும் நோயாளி என்றால் இரவுக்குத் தனி ஆளோ, வீட்டில் ஒருவரோ முறை வைத்துக்கொள்ள வேண்டும். படுக்க இடம், நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு, சொன்ன தேதியில் சம்பளம் எல்லாம் வேண்டும். ஏஜென்சிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'சும்மாதானே இருக்கே' என்று வீட்டுப் பாத்திரத்தையும் துணியையும் தலையில் கட்டாதீர்கள். கேமரா வைப்பதென்றால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். உடை மாற்றும் இடத்திலும் குளியலறையிலும் கூடவே கூடாது. கேமராவை நம்பியே இருப்பதைவிட, ஒருநாள் சொல்லாமல் மதியம் வீட்டுக்கு வந்து பார்ப்பது மேல்!

முடிந்த இடத்தில் அரசு உதவியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் தர ஏற்பாடு செய்யப்பட்டது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது.

ஒரே ஒரு கேள்வி

ஆள் வைத்தாகிவிட்டது என்பதற்காக நீங்கள் விலகிவிடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். வாரம் ஒருமுறை பராமரிப்பாளரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தனியாக இருக்கும்போது அம்மாவிடம் கேளுங்கள். 'நல்லா பாத்துக்கறாங்களா?' என்று கேட்காதீர்கள். 'ம்... பாத்துக்கறா' என்ற பதில்தான் வரும். உங்களுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் அவர்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்:

''அம்மா, கேக்கணும்னு நினைச்சு கேக்காம விட்டது ஏதாவது இருக்கா?''

அந்த மேற்கு மாம்பலம் அம்மாவிடம் மகன் இப்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறார். பக்கவாதத்தால் அம்மாவுக்கு நாக்கு குழறும். ஒரு வாக்கியம் முடிக்க நேரமாகும். போன வாரம் அவர் சொன்ன பதிலை நம்மிடம் சொல்லும்போது மகனின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

''அவ சத்தம் போடுவாடா... ஆனா, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் பக்கத்துல நிப்பா.''